கை எங்கே என்று கேட்ட டைரக்டர்

பவளாதேவி திரையில் ஆறு முறை செத்தாள். ஆறும் என் மடியில்தான்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ராணி சாகவேண்டுமென்றால் ஒரு மடி வேண்டும். ராஜா அந்த நேரத்தில் வேட்டைக்குப் போயிருப்பார். ஆகவே தோழியின் மடி. சேலத்தில் மலையடிவாரத்து ஸ்டூடியோவில் தோழி என்றால் நான்தான், ரோஸம்மாள். கதையைக் கேட்கும்போதே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ரோஸம்மா, மடி தயாரா?" என்பார் டைரக்டர்.

முதல் சாவு இன்னும் கண்ணில் நிற்கிறது. பாம்பு கடித்து விழுகிறாள். ஆர்க் விளக்குகள் தலைக்கு மேல் உஸ்ஸென்று எரிகின்றன. செட்டு முழுக்கப் புதுப் பெயின்ட் வாசனை. அவள் கழுத்து வியர்வை என் புடவையை நனைக்கிறது. வசனம் பேசி முடித்தாயிற்று, இனிக் கண்ணை மூடவேண்டியதுதான் பாக்கி. அப்போது அவளுடைய இடது கை மெல்ல நகர்ந்து என் முந்தானையின் நுனியைத் தேடியது. கண்டுபிடித்து ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியது. எதையோ கேட்பதுபோல் ஒருமுறை இழுத்தது. பிறகு ஒவ்வொரு விரலாக விட்டது.

யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒத்திகையிலும் அவள் அப்படிச் செய்யவில்லை. நான் கிளிசரின் போட்டிருந்தேன், ஆனால் அன்று அது தேவைப்படவில்லை. டைரக்டர் "கட்" சொல்ல மறந்து நின்றார்.

"யாருடி சொல்லிக்கொடுத்தது?" என்று பிறகு கேட்டேன்.

"தானா வருதுங்கக்கா" என்றாள். 

சிரிக்காமல் போகாதே

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: செத்ததாக நடித்த பிறகு உங்களுக்குப் பயமாக இருக்காதா என்று. இருக்கும் ஐயா. அதற்குத்தான் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். சாவு எடுத்து முடிந்ததும் செத்தவர் எழுந்து உட்கார்ந்து, மடி கொடுத்தவரோடு சேர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் சில அடி படம் பிடிப்பார்கள். சாவு யார்மேலும் தங்கிவிடக் கூடாதாம். வாசலில் பூசணிக்காய் வேறு உடைப்பார்கள். யுத்தம் வந்து பிலிமுக்கு ரேஷன் ஆனதும் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், சிரிப்புக்கெல்லாம் பிலிம் கிடையாது என்று. அதன்பிறகு வெறும் கேமராவைப் பார்த்துத்தான் சிரித்தோம். அது பலித்ததா இல்லையா தெரியாது. நான் இந்த வயதுவரை வந்துவிட்டேன், அதனால் பலித்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நான் கோயில் பாட்டுக் குழுவிலிருந்து வந்தவள். எங்கள் கோயில் என்றால் மாதா கோயில். ஞாயிறு பூசையில் பாடிக்கொண்டிருந்த பெண் சினிமாவுக்குப் போகிறாள் என்று பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து வருத்தப்பட்டார். என் அம்மா வெகுநேரம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னாள். "தோழி வேஷம் மட்டும் போடட்டும் சாமி. கதாநாயகியைத்தான் எல்லாரும் தொடுறாங்க. தோழியை யாரும் தொடறதில்ல." அந்தத் தீர்ப்பின்படியே என் வாழ்க்கை ஓடியது. எனக்கு வருத்தம் உண்டா என்றால், உண்டு. கொஞ்சம்.

பாவாயி என்கிற பவளாதேவி

அவள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது பெயர் பாவாயி. ராசிபுரம் பக்கத்து ஊர். அப்பா இல்லை. அம்மா நல்லம்மா கடலைக் காட்டில் வேலை செய்து வளர்த்தவள். நாடகக் கம்பெனி ஒன்று ராசிபுரத்தில் முகாம் போட்டபோது பாட்டுக்காகப் பாவாயியைச் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து எங்கள் ஸ்டூடியோ. முதலாளி அவள் பாடியதைக் கேட்டார், பெயரைக் கேட்டார், பாட்டு இருக்கட்டும், பெயர் போகட்டும் என்றார்.

பேச்சுதான் பெரும்பாடு. "மன்னா, தாங்கள் எப்போது வருவீர்கள்?" என்று வசனம் இருக்கும். இவள் கடைசியில் ஒரு "ங்க" சேர்த்துவிடுவாள். "மன்னா, தாங்கள் எப்போது வருவீர்களுங்க?" செட்டே சிரிக்கும். வசன வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். அவளும் சிரித்துவிட்டு, "மரியாதை கொறைஞ்சுருமோன்னு பயமா இருக்குதுங்க வாத்தியாரே" என்பாள். அரண்மனை வசனம் வாயில் உட்கார ஆறு மாதம் ஆயிற்று. உட்கார்ந்த பிறகு அவளை அசைக்க ஆள் இல்லை.

"பச்சைக்கல் மோதிரம்" படத்தில் பாம்பு. "ஏழாம் அரண்மனை"யில் ஏரியில் விழுந்தாள். அந்தத் தண்ணீர் பத்து நாள் மாற்றாத தண்ணீர், எனக்கும் சேர்த்து அரிப்பு வந்தது. அடுத்ததில் வாள். அதற்கடுத்ததில் காசநோய், இருமி இருமிச் செத்தாள். ஒவ்வொன்றிலும் கடைசியில் அந்தக் கை வரும், என் முந்தானையைத் தேடும். பத்திரிகைகளில் அதைப் பற்றியே எழுதினார்கள். டெண்டுக் கொட்டகைகளில் பெண்கள் முன்கூட்டியே மூக்கைச் சிந்தத் தொடங்கிவிடுவார்களாம், "முந்தானை வரப்போகுது" என்று. முதலாளி கதை எழுதுகிறவரிடம், "கதை எப்படி வேணும்னாலும் போகட்டும். கடைசியில் கை வரணும்" என்றே சொல்லிவிட்டார்.

இத்தனை பேர் பார்த்து அழுத அந்தப் படங்களில் ஒன்றைக்கூட முழுசாகப் பார்க்காதவள் ஒருத்தி இருந்தாள். பாவாயியின் அம்மா.

கேட்டில் நின்ற நல்லம்மா

முதல் படம் ராசிபுரத்துக்கு வந்தபோது நல்லம்மா போயிருக்கிறாள். ஊர்ப் பெண்கள் சூழ, மகளைப் பார்க்க. பாம்பு கடித்தது, நான் மடியில் தாங்கினேன், கை முந்தானையைத் தேடியது. அந்த இடத்தில் நல்லம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். மறுநாள் விடிந்ததும் பாதி வழி நடந்து, பாதி வழி பஸ்ஸில் ஏறி, சேலம் ஸ்டூடியோ கேட்டுக்கு வந்து நின்றாள்.

நாங்கள் மேக்கப்பில் இருந்தோம். பாவாயி ஓடினாள், நானும் பின்னால் போனேன்.  நல்லம்மா மகளின் முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பவுடர் அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"நான் நல்லாத்தானுங்கம்மா இருக்கறேன். அது சும்மா நடிப்புங்க" என்றாள் மகள்.

"தெரியுங் கண்ணு. பொய்யின்னு எனக்குந் தெரியும்" என்றாள் நல்லம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இனி அந்தக் கொட்டாய்க்குள்ள காலு வெக்க மாட்டேன் அம்மிணி. நீங்க தப்பா நெனைக்காதீங்க."

காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், காட்டு வேலை செய்கிறவள், படம் எது நிஜம் எது என்று பிரிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். நல்லம்மா மகளைத் தடவிப் பார்த்ததை நடித்தே காட்டினேன். நல்ல நடிப்பு என்று எல்லோரும் கைதட்டினார்கள். இதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

பாவாயி சிரிக்கவில்லை. அம்மா சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு ஒரு முள்ளாகவே இருந்தது. ஒவ்வொரு படம் தொடங்கும்போதும் டைரக்டரிடம் போய் நிற்பாள். "இந்தப் படத்துலயாச்சும் நான் பொழச்சுக்கலாமுங்களா? எங்கம்மா பாக்கோணும்." அவர் பரிதாபமாக முதலாளி அறையைக் காட்டுவார். முதலாளி, "நீ பிழைத்தால் நான் பிழைக்கணுமே அம்மா" என்பார். ஊரெல்லாம் பார்க்கிறது, பெற்றவள் பார்க்கவில்லையே என்று அவள் என்னிடம் அழுத நாட்கள் பல.

எல்லைக்குள் சாகக் கூடாது

ஐந்தாவது சாவு "கங்கணவதி". காட்டில் வளர்ந்த ராஜகுமாரி. ராஜா அவளைச் சந்தேகப்பட்டுத் துரத்திவிடுகிறார். பிறகு உண்மை தெரிந்து யானை ஊர்வலத்தோடு அழைத்து வருகிறார். வந்த மறுநாளே மூத்த ராணி பாலில் விஷம் வைத்துவிடுகிறாள். கடைசி இரண்டு ரீல் முழுக்க விஷம், மடி, கை, ராஜாவின் புலம்பல்.

அந்த வருஷம் அவள் ஊரில் மாரியம்மன் பண்டிகை. பண்டிகைக்கு ஒரு டெண்டுக் கொட்டகை வந்து இறங்கியிருந்தது. ஊர்ப் பெண் நடித்த படம் என்று "கங்கணவதி"யையே கொண்டுவந்திருந்தார்கள். கோயில் தர்மகர்த்தா சேலத்துக்கே வந்து பாவாயியை அழைத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். யுத்த காலத்துக் கரி பஸ், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுவது. ராசிபுரத்தில் இறங்கும்போது பவளாதேவிக்குக் கரியில் மீசை முளைத்திருந்தது. அவளைப் பார்க்கக் கூடியிருந்தவர்கள் என்னைத்தான் பவளாதேவி என்று நினைத்து மாலை போட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

ஊருக்குப் போய் அவள் வீட்டில் உட்கார்ந்ததுமே வெளியே சத்தம். தர்மகர்த்தாவும் டெண்டுக்காரரும் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். தர்மகர்த்தாவுக்குப் படத்தின் கதையை அன்றுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பூச்சாட்டிப் பண்டிகை ஆரம்பிச்சாச்சு, கம்பம் நட்டாச்சுங்க" என்றார் தர்மகர்த்தா. "இனி பண்டிகை முடியற வரைக்கும் ஊருக்குள்ள சாவு உழுகக் கூடாது. உழுந்தா பொணத்த எடுக்கற வரைக்கும் அம்மனுக்கு வெளக்கு வெக்க முடியாது. தெரியுமுங்களா?"

"ஐயா, இது நெசச் சாவு இல்லீங்க. பிலிமு. பொட்டிக்குள்ள இருக்குது" என்றார் டெண்டுக்காரர்.

"பொட்டிக்குள்ளயே இருக்கட்டும். வெளிய எடுக்காதீங்க."

"போன வாரம் போட்ட படத்துல நாலு பேரு செத்தாங்களே, அப்ப நீங்களும் உக்காந்து பாத்தீங்களே!"

"அப்ப இன்னும் பூச்சாட்டல. அதுமில்லாம அவங்க எந்த ஊரோ. இது நம்ம ஊட்டுப் புள்ளைங்க. பாவாயி எப்படிங்க இந்த எல்லைக்குள்ள சாவலாம்? ஏனுங்க, உங்க ஊட்டுப் புள்ளன்னா போடுவீங்களா?"

டெண்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் பாவாயி எழுந்து வாசலுக்கே போய்விட்டாள்.

"அப்ப நான் இன்னிக்கு சாக மாட்டேனுங்களா?" என்றாள் தர்மகர்த்தாவிடம்.

"உடமாட்டோஞ் சாமி" என்றார் அவர். "யானை மேல வாரியாமே, அதோட படத்த நிறுத்திக்கச் சொல்லிட்டேன்."

பாவாயி தர்மகர்த்தாவின் காலில் விழுந்து எழுந்தாள். எழுந்தவள் நேரே பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே நல்லம்மா முறத்தில் கடலையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னிக்கு நான் சாகலியாமா! படம் பாக்க வாரீங்களா?"

முறம் நின்றது. நல்லம்மா மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நெசமாவா அம்மிணி? நீங்க மடியில போட்டுக்கிட்டு அழுவீங்களே?"

"அதுவும் இல்லைங்க. நான் அழுவதும் அதே ரீல்தான்" என்றேன்.

நல்லம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வாரேன்" என்றாள்.

மணலில் மூன்று பேர்

பொழுது சாய்ந்ததும் முதல் ஆட்டம். பெண்கள் பக்கம் மணல் தரை. நல்லம்மா நடுவில், நாங்கள் இருவரும் இரண்டு பக்கம். வெளியே ஆயில் இன்ஜின் தடதடவென்று ஓட, படம் தொடங்கியது. ஒரே மெஷின், ஆகவே ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். விளக்கு வரும்போதெல்லாம் ஊரே திரும்பி நல்லம்மா முகத்தைப் பார்த்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏங் கண்ணு இப்படி எளைச்சிருக்கற?" என்று ஒரு முறை கேட்டாள். "அது யாரு சீலை?" என்று இன்னொரு முறை. ஊஞ்சல் பாட்டு வந்தபோது மட்டும் லேசாகத் தலையாட்டினாள்.

எட்டாவது ரீலோ ஒன்பதாவதோ, நான் மறந்தே போயிருந்த ஒரு இடம் வந்தது. நந்தவனத்தில் ராணி தோழியின் மடியில் தலை வைத்துப் படுக்கிறாள். சாவு இல்லை, வெறும் தூக்கம். ஆனால் திரையில் என் மடி தெரிந்த உடனே நல்லம்மாவின் உடம்பு விறைத்தது. என் கையைப் பிடித்தாள். எலும்பு வலிக்கிற பிடி.

"தூங்குறாளுங்க" என்று காதில் சொன்னேன். "தூங்கத்தான் போறா. பயப்படாதீங்க."

அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். திரையில் மகளின் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை கன்னத்துக்கு அடியில் போய் அசையாமல் கிடந்தது. காட்சி மாறிய பிறகுதான் என் கையை விட்டாள்.

கடைசியில் யானை வந்தது. ராணி பிழைத்தாள். ஊர் விசிலடித்தது. நிறுத்தாதே என்று ஆண்கள் பக்கத்திலிருந்து கத்தவே, ஆபரேட்டர் ஊஞ்சல் பாட்டு ரீலை மறுபடியும் மாட்டினார். அப்படியாக, யானைமேல் அரண்மனைக்குப் போன பவளாதேவி அங்கே ஊஞ்சலாடிக்கொண்டே இருந்தாள். அந்த ஊரில் "கங்கணவதி" கதை இன்றைக்கும் அப்படித்தான். யாராவது விஷம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.

சின்னவன்

வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் நல்லம்மா மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவள் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கைக்குத்தாங் கண்ணு நான் பயந்துட்டு இருந்தேன்" என்றாள்.

"எந்தக் கையிங்கம்மா?"

"மொதப் படத்துல பண்ணுனியே. முந்தானையத் தேடிச் சுத்தி, ஒருக்கா இழுத்து, உட்டு." அவள் நிறுத்தினாள். "அது உன்ற தம்பி, சின்னவன் கையி. வாந்திபேதியில என்ற மடியில கெடந்தப்ப அவன் அப்படித்தான் இழுத்தான். தண்ணி கேட்டானோ என்னமோ. வைத்தியரு தண்ணி குடுக்காதேன்னாரு, நான் குடுக்கல. நீ கதவோரமா நின்னுட்டு இருந்த. அஞ்சு வயசு உனக்கு."

 பாவாயி தன் கையையே பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றாள். "சத்தியமாத் தெரியாது. தானா வந்துச்சு."

"தெரியுஞ் சாமி. நீ நெனச்சுப் பண்ணலீன்னு எனக்குத் தெரியும்." நல்லம்மா அந்தக் கையைத் தன் முந்தானையால் துடைத்தாள். "ஆனா அத ஊரெல்லாம் பாத்து அழுவ வேண்டாங் கண்ணு. அது நம்ம ஊட்டுது."

நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் நான் நடித்துக் காட்டிய நல்லம்மா நினைவுக்கு வந்தாள். அன்று கேட்டில் அவள் மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எதற்கென்று இப்போது புரிந்தது. படம் எது நிஜம் எது என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஸ்டூடியோவில் வேறு யாருக்கும் தெரியவில்லை, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எழுந்து போய் அவள் காலைத் தொட்டேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. "ஏனுங்க அம்மிணி, சாப்புட வாங்க" என்றாள்.

ஆறாவது முறை

அடுத்த படம் ஒரு மலை உச்சி. அங்கிருந்து விழுந்து என் மடியில் சாகவேண்டும். அதே ஆர்க் விளக்குகள், அதே பெயின்ட் வாசனை. வசனம் முடிந்தது. நான் பழக்கதோஷத்தில் முந்தானையை அவளுக்கு எட்டும்படி விட்டுவைத்தேன். பிறகு என்னை நானே திட்டிக்கொண்டு அதை இழுத்து இடுப்பில் செருகினேன்.

பாவாயி இரண்டு கைகளையும் முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"கட்!" டைரக்டர் ஓடி வந்தார். "கை எங்கே? பவளம், கை எங்கே?"

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் கை வரவில்லை. பிலிம் வீணாகிறது என்று முதலாளியே தளத்துக்கு வந்துவிட்டார். அவரும் அதையே கேட்டார்: "கை எங்கே அம்மா?"

இத்தனை நாள் பழகிய அரண்மனைப் பேச்சு ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை. என் மடியில் படுத்தபடியே அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"கைய எங்க ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேனுங்க."